குருப்பட்டம்: பரீட்சைக்கு முன்னும் பின்னும் நிற்கும் சாதி

அண்ணல் அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையை நம் வாசிப்பு வட்டங்களில் பலமுறை படித்திருக்கிறோம். அதன் பின்பகுதியில் வரும் ஒரு யோசனையை மட்டும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். புரோகிதத் தொழிலை ஒழித்துவிட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அது பிறப்பால் வருவதையாவது நிறுத்த வேண்டும் என்கிறார் அவர். அரசு பரீட்சை வைக்க வேண்டும். தேறியவருக்குச் சான்று தர வேண்டும். சான்று இல்லாமல் சடங்கு செய்தால் அது செல்லாது. மற்ற அரசு ஊழியரைப் போலப் புரோகிதரும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர். எத்தனை பேர் தேவையோ அத்தனை பேர்தான் இருக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சுருக்கம்.

இதைப் படிக்கும் கிறிஸ்தவத் தோழர்கள் சிலர், “எங்கள் சபையில் இது ஏற்கெனவே இருக்கிறதே” என்பார்கள். ஒரு வகையில் உண்மைதான். லுத்தரன் திருச்சபையில் யாரும் பிறந்ததால் குருவாவதில்லை. லுத்தர் 1520-லேயே எழுதிவிட்டார்: ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் குருக்கள், சபைப் போதகர் என்பவர் ஒழுங்குக்காக அமர்த்தப்படும் பொறுப்பாளர். பத்தாண்டு கழித்து, 1530-ல் வந்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 14-வது பிரிவு இதற்கு ஒரு நிபந்தனை போட்டது. முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கக் கூடாது, திருவருட்சாதனங்களை வழங்கவும் கூடாது. ‘முறைப்படி’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்னவெல்லாம் நுழைந்துகொள்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கிறிஸ்தவர் அல்லாத தோழர்களுக்கு இது ஏதோ உள்வீட்டுச் சங்கதி போலத் தோன்றலாம். அப்படி அல்ல. நம் ஊர்ப் பக்கத்தில் ஆயர் என்பவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்பவர் மட்டுமில்லை. பல இடங்களில் உதவிபெறும் பள்ளியின் தாளாளர் அவர். விடுதியில் யாருக்கு இடம், ஆசிரியர் வேலைக்கு யார் பெயர், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த ஓரம், சபை நிலத்தின் குத்தகை யாருக்கு என்பதிலெல்லாம் அவர் கையெழுத்து இருக்கிறது. நாலு தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஒரே நிறுவன அதிகாரம் சில நேரம் அதுதான். அந்த நாற்காலிக்கு யாரைப் பயிற்றுவிக்கிறார்கள், யாரை அங்கீகரிக்கிறார்கள் என்பது சமூகநீதிக் கேள்வி.

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கினார். 1716-லேயே உள்ளூர் உபதேசியார்களைத் தயாரிக்க அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியாயிற்று. 1733 டிசம்பர் 28 அன்று, கடலூரைச் சேர்ந்த வெள்ளாளரான ஆரோன், தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் இந்தியக் குரு அவர். பாடப்புத்தகங்களும் சபை வரலாறுகளும் இதைப் பெருமையோடு சொல்லும்.

அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மராத்தியப் படையில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதாகமப் பகுதி கையில் கிடைக்க, படித்து, தேடி வந்து சேர்ந்தவர். உபதேசியாராகத் தஞ்சைச் சீமைக்குள் மிஷனரிகளே எளிதில் போக முடியாத இடங்களில் சபைகளைக் கட்டினார். ஆரோனைவிடத் தகுதி குறைந்தவர் என்று யாரும் சொல்லவில்லை. குருப்பட்டத்துக்கு அவர் பெயர் பேசப்பட்டது. மிஷனரிகள் தயங்கினார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை: பறையர் கையிலிருந்து இராப்போஜனம் வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அந்தத் திருவிருந்துக்கே மதிப்புக் குறைந்துவிடும். 1741-ல் இரண்டாவது குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இந்தக் காரணத்தைக் கவனியுங்கள். அவருடைய அறிவைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. பெறுபவர்களின் அருவருப்பு, கொடுப்பவரின் தகுதிக் குறைவாகப் பதிவாகிறது. ‘சபை ஏற்றுக்கொள்ளுமா?’ என்ற கேள்வி கேட்பதற்கு ஜனநாயகமாக இருக்கிறது. தரங்கம்பாடியில் அதற்குப் பொருள் ‘வெள்ளாளர் ஏற்றுக்கொள்வார்களா?’ என்பது மட்டுமே. சபையில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்த மற்றவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆலயத்திற்குள்ளேயே தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

நூறாண்டு கழித்தும் இந்த வழக்குத் தீரவில்லை. ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அதை எதிர்த்து வெளியேறிய வெள்ளாளக் கிறிஸ்தவர் பலருக்கு, சாதியைச் சமூக வழக்கம் என்று பார்த்துப் பொறுத்துப்போன லீப்சிக் லுத்தரன் மிஷன் புகலிடமாயிற்று. 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு சோதனையை முன்வைத்தது. பறையர் சமைத்த உணவைச் சாதாரணமாகச் சாப்பிடுகிறவரே சாதியை விட்டவர். மற்ற மிஷன்கள் ஒப்புக்கொண்டபோது லீப்சிக் மிஷன் ஒப்பவில்லை. உள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. கார்ல் ஆக்ஸ் என்ற மிஷனரி சாதி விஷயத்தில் முரண்பட்டு வெளியேறி, பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. இறையியல் தகராறில் சபை பிரிவது ஐரோப்பாவில் சகஜம். நம் ஊரில் சோற்றுப் பானையை வைத்து ஒரு லுத்தரன் சபை பிரிந்தது.

மதுரைக்கு வருவோம். இங்கே 1834-ல் வந்தது அமெரிக்க மிஷன். அவர்கள் லுத்தரன்கள் அல்ல. ஆனால் 1847-ல் இவர்கள் எடுத்த நிலை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மிஷன் சம்பளம் வாங்கும் உபதேசியார்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும், முடியாதவர்கள் போகலாம் என்றார்கள். ஒரு பெருங்கூட்டமே போனது. இன்று பசுமலை வழியாகப் பேருந்தில் போகிறபோது அந்தப் பழைய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். திருமங்கலத்தில் 1842-ல் தொடங்கி 1845-ல் பசுமலைக்கு மாறிய பயிற்சிப் பள்ளி அது. லீப்சிக் மிஷன் சாதியைப் பொறுத்துப்போன இடத்தில் இன்னொரு மிஷன் ‘ஏற்றுக்கொள்ளாதவர் பணியில் இருக்க முடியாது’ என்றது. இரண்டும் ஒரே நூற்றாண்டில், ஒரே மொழி பேசும் நிலத்தில் நடந்தவை. ஆகவே ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானம் செல்லாது. (அமெரிக்க மிஷனைப் புனிதப்படுத்துவதும் என் நோக்கமல்ல. ஆட்களை இழந்தபின் அவர்களும் எத்தனையோ இடங்களில் வளைந்தார்கள்.)

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919 ஜனவரி 14 அன்று சுயாதீனச் சபையானது. தலைமையிடம் திருச்சி. அதன் பேராயருக்குத் தரங்கைப் பேராயர் என்ற பட்டம். முதல் தமிழ்ப் பேராயராக இராஜா மாணிக்கம் அமர்ந்தது 1956-ல். நாடு சுதந்திரம் அடைந்து ஒன்பதாண்டு ஆகியிருந்தது. வெள்ளைக்காரரிடமிருந்து தமிழருக்கு அதிகாரம் மாற இவ்வளவு காலம் என்றால், தமிழருக்குள் அது கீழே இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சரி, இன்று ஒருவர் எப்படி ஆயராகிறார்? விதிகள் சபைக்குச் சபை, காலத்துக்குக் காலம் கொஞ்சம் மாறும். எலும்புக்கூடு ஒன்றுதான். முதலில் அவருடைய சொந்தச் சபையின் ஆயரும் சபைக் குழுவும் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். பிறகு தலைமை நடத்தும் நேர்காணல். தேறினால் சபையின் சார்பில் இறையியல் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்கே பி.டி. எனப்படும் இறையியல் இளங்கலை. பட்டம் தருவது செராம்பூர் செனட். டேனிஷ் மன்னர் 1827-ல் தந்த சாசனத்தின் பலத்தில் நிற்கும் அமைப்பு அது. தரங்கம்பாடியை ஆண்டதும் அதே டேனிஷ் மன்னர் பரம்பரைதான் என்பது ஒரு சுவையான தற்செயல். படிப்பு முடிந்து வந்தால் சில காலம் பயிற்சி ஊழியம். அதன்பின் பேராயர் கை வைத்து ஜெபித்துக் குருப்பட்டம். கடைசியில் பணியிட உத்தரவு.

இந்த வரிசையில் நடுவில் இருக்கும் கல்லூரிதான், நான் பார்த்த அளவில், மிகவும் முன்னேறிய இடம். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியை மதுரைத் தோழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1969-ல் திருமறையூரிலும் தரங்கம்பாடியிலும் இருந்த பழைய மரபுகள் ஒன்றுசேர்ந்து உருவானது. தென்னிந்தியத் திருச்சபையின் தமிழக மண்டலங்களும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துவது. மாணவர்கள் வளாகத்தைவிட்டு வெளியே வந்து குடிசைப் பகுதியிலும் கிராமத்திலும் தங்கிப் படிக்கும் முறையை அங்கே பாடத்திட்டமாகவே வைத்தார்கள். தலித் ஆதார மையம் அங்கே செயல்பட்டது. நம்மில் பலர் பறையாட்டம் முதலில் பார்த்தது அந்தத் தலித் கலைவிழாக்களில்தான்.

பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியர். 2005-ல் மறைந்தார். கர்நாடக இசையும் ஐரோப்பிய கீர்த்தனையும் மட்டுமே புனிதம் என்றிருந்த ஆலயத்துக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தவர். திருவிருந்தைப் பற்றிப் பேசும்போது அவர் பயன்படுத்திய கருத்து ‘ஒரே உலை’. ஒரே உலையில் பொங்கி, எல்லோரும் அதிலிருந்தே உண்பது. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது எதன் பெயரால் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு இந்த ‘ஒரே உலை’யைப் படியுங்கள். இது ஏதோ கலைநயமான உவமை என்று தோன்றாது. இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிந்திய நேரடிப் பதில் அது. சென்னையில் லுத்தரன் குருக்குல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை ஒரு துறையாகவே நிறுவினார். 1991-ல் அங்கிருந்து வந்த தொகுப்பு இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

ஆக, பாடத்திட்டத்தில் குறை அதிகமில்லை. பாடத்திட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கதவுகளில்தான் என் சண்டை.

முதல் கதவு, பரிந்துரைக் கடிதம். அதைத் தரும் சபைக் குழுவை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சந்தா கட்டிய அங்கத்தினர்கள். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஆறு மாதம் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போய்விடும் குடும்பத்துக்குச் சந்தா பாக்கி விழுந்துவிடும். ஓட்டு போய்விடும். கிராமத்துச் சேரிச் சபையும் நகரத்துத் தாய்ச் சபையும் ஒரே குருசேகரமாக இருந்தால், குழுவில் உட்காருபவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கி அதிகாரி, அவருடைய சம்பந்தி. சமூகவியலில் பூர்தியூ இதைச் சமூக மூலதனம் என்பார். நம் ஊரில் ‘தெரிஞ்ச ஆளு’ என்பார்கள்.

என் பணியில் சந்தித்த ஓர் இளைஞர். துப்புரவுப் பணியாளர் குடும்பம், அருந்ததியர். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பார், பி.ஏ. தமிழ் முடித்தவர். பரிந்துரைக்காக இரண்டாண்டு அலைந்தார். யாரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘அடுத்த கமிட்டியில வைக்கிறோம் தம்பி’ என்றார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் அன்போடு கேட்டாராம், “உனக்கு அழைப்பு வந்தது உறுதிதானா?” என்று. கடவுள் அழைத்தாரா என்பதைச் சோதிக்கும் கேள்வி அது, எல்லாரிடமும் கேட்பதுதான். ஆனால் ஆயர் மகனிடம் கேட்கும்போது அதன் குரல் வேறு. இவரிடம் கேட்கும்போது ‘வேலைக்காக வருகிறாயா?’ என்று அது மாறிவிடுகிறது. வறுமையில் இருப்பவனின் அழைப்பு மட்டும் ஏன் எப்போதும் சந்தேகத்துக்குரியது? வசதியான வீட்டுப் பையனுக்குப் பங்களாவும் வாகனமும் ஆசை காட்டாதா?

இரண்டாவது கதவு, பணியிடம். குருப்பட்டம் பெற்றபின் எல்லா ஆயரும் சமம் என்பது சபைச் சட்டம். நகரத்துப் பெரிய ஆலயம், ஆங்கில ஆராதனை, பள்ளித் தாளாளர் பொறுப்பு ஒருபுறம். எட்டுப் பத்துக் கிராமம், மழைக்கு ஒழுகும் ஓட்டு வீடு, பெட்ரோலுக்குக் கையிலிருந்து காசு இன்னொருபுறம். எந்தச் சமூகத்து ஆயர் எங்கே போகிறார் என்பதற்கு எழுதப்பட்ட விதி கிடையாது. கேட்டால் வரும் பதில் 1733-ல் வந்ததேதான்: “அந்தச் சபை ஏத்துக்காதுங்க, அவருக்குத்தான் கஷ்டம்.” பாதிக்கப்படுபவர் மேலுள்ள அக்கறையாகவே பாகுபாடு பேசும்.

இது சபைக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2006-ல் அரசாணை. பிறகு மதுரை உட்பட ஆறு இடங்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி. 206 பேர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். வழக்கு நடந்து 2015-ல்தான் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2018-ல் ஒருவருக்கு, இதே மதுரையில், தல்லாகுளம் அய்யப்பன் கோயிலில் வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில் இன்னும் 24 பேர். மற்றவர்கள் சான்றிதழை வைத்துக்கொண்டு வயது ஏறக் காத்திருந்தார்கள். பயிற்சியைத் திறந்துவிடுவது எளிது. அதில் யாருக்கும் எதுவும் குறையாது. நியமனம் வேறு. அங்கே ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். அர்ச்சகர் விவகாரத்தில் சரியாகக் கொதித்த நம் தோழர்கள், சபைச் சுவருக்குள் இதே பூட்டு தொங்குவதைப் பார்க்கும்போது ‘சிறுபான்மையினர் விவகாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தச் சிறுபான்மையில் பெரும்பான்மை நம் ஆட்கள்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

‘அங்கீகாரமே எதற்கு, பைபிளைத் தூக்கிக்கொண்டு ஓலைக் கொட்டகை போட்டால் போதாதா?’ என்று கேட்பவர்களும் உண்டு. மதுரைச் சமவெளியில் அப்படிச் சுயாதீனச் சபை நடத்தும் தலித் போதகர்கள் ஏராளம். பிரதான சபைகள் மூடிய கதவுக்கு வெளியே எழுந்த தலைமை அது. மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. காணிக்கைக் கணக்குக் கேட்க அங்கே குழு இல்லை. ஒரு பெண் புகார் சொன்னால் விசாரிக்க யாருமில்லை. போதகர் இறந்தால் சபை மகனுக்குப் போகிறது, மறுபடியும் பிறப்பு. அம்பேத்கர் சான்றும் ஒழுங்கு நடவடிக்கையும் கேட்டது இதற்காகத்தான். நல்ல அங்கீகார முறை நமக்கு வேண்டும். வேண்டாதது மூடிய அறை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். ‘தலித் ஆயர்கள் இத்தனை பேர்’ என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. அதில் பறையர் எத்தனை, தேவேந்திரர் எத்தனை, அருந்ததியர் எத்தனை? பெண்கள் எத்தனை? குருப்பட்டம் பெற்ற பெண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தனிக் குருசேகரம், எத்தனை பேருக்கு ‘மாதர் ஊழியம், ஞாயிறு பள்ளி’ மட்டும்? படிகள் நமக்குள்ளும் உண்டு. மேல்படியில் ஏறியவர் கீழ்ப்படியைப் பார்க்காமல் ‘நாமெல்லாம் ஒன்று’ என்பதும் பழைய தந்திரம்தான்.

ஆயராக முன்வரும் தலித் இளைஞர் கொடுக்கும் விலையையும் எண்ண வேண்டும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை இல்லை. சாதாரண விசுவாசி சான்றிதழில் ஒன்றும் வாழ்க்கையில் ஒன்றுமாக எப்படியோ ஓட்டிவிடலாம். அங்கி போட்டவரால் முடியாது. அரசு தரும் பாதுகாப்பைத் தானே முன்வந்து இழந்து அவர் சபைக்குள் வருகிறார். அவருக்கு அங்கே எழுதப்பட்ட உரிமை ஒன்றுகூட இல்லை என்றால், இரண்டு பக்கமும் அடி.

சபைகள் செய்ய வேண்டியது ரொம்பச் சிக்கலானது இல்லை. சபைக் குழுவின் கடிதம் இல்லாமலும் தலைமைக்கு நேரே விண்ணப்பிக்க வழி வைக்கலாம். கடிதம் மறுத்தால் காரணத்தை எழுத்தில், தேதி போட்டுத் தரச் சொல்லலாம். நேர்காணல் குழுவில் கிராமச் சபையிலிருந்து ஒரு பெண்ணாவது உட்காரட்டும். பணியிட மாற்றத்துக்குச் சுழற்சி முறை எழுதி, நகரமும் கிராமமும் எல்லோருக்கும் மாறி மாறி வரட்டும். ‘இவரை ஏற்க மாட்டோம்’ என்று சாதி பார்த்துச் சொல்லும் சபைக்கு, அந்தத் தவணையில் வேறு ஆயரே கிடையாது என்று 1847 மதுரைப் பாணியில் சொல்லிப் பார்க்கலாம். பேராயர் தேர்தலுக்கு உயர்நீதிமன்றம் வரை போக நேரமும் பணமும் உள்ளவர்களுக்கு இதற்கு நேரமில்லை என்று சொல்ல வாய்ப்பில்லை.

ஆனால் கேட்காமல் கிடைக்காது. கேட்க வேண்டுமென்றால் கையில் கணக்கு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபைத் தலைமையிடம் மனு போட்டு வாங்கும் விஷயம் இல்லை இது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறீர்கள். பழைய ஆலயங்கள் பலவற்றில் வாசலை ஒட்டிய சுவரில் ஒரு பலகை இருக்கும்: இங்கே பணிபுரிந்த குருமார்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. போன் இருக்கிறது, படம் எடுக்கலாம். நகரத்தில் பத்து ஆலயம், சுற்றுக் கிராமத்தில் பத்து ஆலயம். ஆராதனை முடிந்து வெளியே திண்ணையில் உட்காரும் பாட்டிகளிடம் ஒவ்வொரு பெயரையும் படித்துக் காட்டுங்கள். யார் எந்த ஊர், எந்தத் தெரு, எதனால் சீக்கிரம் மாற்றப்பட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆயர்களின் பெயரை வெளியிட வேண்டாம், எண்ணிக்கை போதும். இரண்டு அட்டவணையும் தயாரானதும் எனக்கு எழுதுங்கள்.